பிபி, ஹார்ட் அட்டாக், ரத்தசோகை, கால் நரம்பு சுருட்டல்: மெடிக்கல் ஷாப்ல அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் டாக்டர் இல்லீங்க, பார்மசிஸ்ட். ஆஸ்பத்திரியில டோக்கன் போட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டு உள்ள போனா அஞ்சு நிமிஷத்துல வெளிய வந்துடுறாங்க, கேக்கணும்னு நெனச்சதெல்லாம் சீட்டோட சேத்து எங்க கவுண்டர்ல வந்து கொட்டுவாங்க. திரும்பத் திரும்ப வர்ற கேள்விங்களுக்கு இங்க பதில் எழுதுறேன். மாத்திரை டோஸை மாத்துறது, நிறுத்துறது எல்லாம் உங்க டாக்டரைக் கேட்டுத்தான் செய்யணும், அதுல நான் தலையிட மாட்டேன்.

எனக்கு தலைவலி, கிறுகிறுப்பு ஒண்ணும் இல்லையே, எதுக்கு பிபி மாத்திரை?

தெனமும் ஒருத்தராவது கேட்டுடுவாங்க. பிபி ஏறுனா உடம்பு சொல்லிடும்னு நம்பிட்டு இருக்கோம், பெரும்பாலான ஆளுங்களுக்கு அது சொல்லவே சொல்லாது. 170/100 வச்சிக்கிட்டு சைக்கிள் மிதிச்சு வந்து, மாத்திரை வெலை ஏறிடுச்சான்னு என்கிட்ட சண்டை போட்டுட்டு, திரும்பவும் சைக்கிள் மிதிச்சுப் போற ஆளுங்க இருக்காங்க. உள்ள என்ன நடக்குதுன்னா, அந்த அழுத்தத்துல ரத்தக்குழாய் சுவர் தடிச்சு வெறைச்சுப் போகும், இதயத்தோட இடது பக்க தசை பருத்துடும், கிட்னியோட சல்லடை பழுதாகும், கண்ணுக்குள்ள ரத்தம் கசியும். இதெல்லாம் வருஷக்கணக்கா சத்தமில்லாம நடக்கிற வேலை. கடைசியில பக்கவாதமா வந்து நிக்கிறப்பதான் "நல்லாத்தானே இருந்தாரு"ன்னு சொல்றோம்.

ரெண்டு மூணு தடவை வேற வேற நாள்ல பாத்தும் 140/90க்கு மேலயே இருந்தா அது பிபிதான். சர்க்கரையோ கிட்னி கோளாறோ சேந்திருந்தா டாக்டருங்க 130/80க்குள்ள கொண்டு வரப் பாப்பாங்க.

இன்னொண்ணு, மாத்திரை சாப்ட்டு 120/80 வந்ததும் "சரியாயிடுச்சு"ன்னு நிறுத்திடுறாங்க. மாத்திரை சாப்பிடுறதாலதாங்க 120/80. மாசக் கடைசியில "அட்டையில அஞ்சு மட்டும் வெட்டிக் குடுங்க தம்பி"ன்னு கேட்டு, அந்த அஞ்சையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டு பத்து நாளைக்கு இழுக்கிறவங்களை நான் தெனமும் பாக்குறேன். காசுதான் பிரச்சனைன்னா வாய் விட்டுச் சொல்லுங்க. அதே மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம், பேர் பதிஞ்சு வச்சா மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து குடுப்பாங்க. 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்ச திட்டம் அது. என் யாவாரம் கொஞ்சம் கொறையும், பரவாயில்ல.

வீட்டு மெஷின்ல ஒரு நம்பர், ஆஸ்பத்திரியில ஒரு நம்பர் காட்டுது, எதை நம்புறது?

மெஷினை விட பாக்குற விதத்துலதான் தப்பு அதிகம். படியேறி வந்த உடனே பாக்கக்கூடாது, அஞ்சு நிமிஷம் சும்மா உக்காரணும். காபி, பீடி, சிகரெட் ஆகி அரை மணி நேரமாவது ஆகியிருக்கணும். ஒண்ணுக்கு வந்தா முதல்ல போயிட்டு வந்துடுங்க, அடக்கிட்டு உக்காந்தா நம்பர் ஏறும். முதுகை சாச்சு, ரெண்டு காலும் தரையில, கால் மேல கால் போடாம, கையை மேஜை மேல இதய மட்டத்துக்கு வச்சு, சட்டைக் கை மேல பட்டையைச் சுத்தாம, பேசாம இருக்கணும். இந்த பேசாம இருக்கிறதுதான் நம்ம ஆளுங்களுக்கு முடியாது. கை குண்டா இருந்தா சின்ன பட்டையில அளவு கூடுதலா காட்டும். ஒரு நிமிஷம் விட்டு ரெண்டாவது தடவை பாத்து ரெண்டையும் தேதி போட்டு எழுதி வைங்க, டாக்டர்கிட்ட அந்த நோட்டைக் காட்டுனாலே பாதி வேலை முடிஞ்சிடும்.

பிபி மாத்திரை ஆரம்பிச்சதுலேருந்து கால் வீங்குது, வறட்டு இருமல் வருது, நிறுத்திடவா?

அம்லோடிபின்னா கணுக்கால் வீங்கலாம். எனலாபிரில், ராமிபிரில்னா தொண்டையில கரகரன்னு வறட்டு இருமல் வரலாம், அதுக்கு இருமல் மருந்து பாட்டில் பாட்டிலா குடிச்சாலும் போகாது. ரெண்டுக்கும் மாத்து மருந்து இருக்கு, டாக்டர்கிட்ட சொன்னா மாத்திக் குடுத்துடுவாரு. நீங்களா நிறுத்திட்டு ஒரு மாசம் கழிச்சுப் போய் நிக்காதீங்க.

நெஞ்சு வலிக்குது, இது கேஸா ஹார்ட் அட்டாக்கா, எப்படி கண்டுபிடிக்கிறது?

வீட்டுல உக்காந்து கண்டுபிடிக்க முடியாது. அதுதான் பதில், ஆனா இதோட விட்டா யாரும் கேக்க மாட்டாங்க, அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன்.

ஒரு மார்கழி மாசம், ராத்திரி கடை சாத்துற நேரம், ஷட்டர் பாதி எறக்கியாச்சு. ஒரு அக்கா ஓடி வந்து கேஸுக்கு ஒரு சிரப் குடுங்கன்னாங்க. யாருக்குன்னேன், வீட்டுக்காரருக்குன்னு வெளிய கையைக் காட்டுனாங்க. அவரு வண்டி மேல குனிஞ்சு உக்காந்திருந்தாரு, ஊரே சால்வை போத்திட்டு இருக்கிற குளிர்ல அவரு சட்டை முதுகோட ஒட்டிக் கெடந்துச்சு, உள்ளங்கையை நடு நெஞ்சுல வச்சு அமுக்கிட்டு இருந்தாரு, எங்க வலின்னு கேட்டா விரலால ஒரு இடத்தைக் காட்டத் தெரியல. சிரப் குடுக்கல. 108க்கு போன் போட்டு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புனோம், ஈசிஜியில அட்டாக்குன்னு சொல்லி ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டாங்க. பையன் கல்யாணப் பத்திரிகை வைக்க அவரே வந்தாரு கடைக்கு.

பயப்பட வேண்டிய அடையாளம் இதுதான்: நடு நெஞ்சுல பாறாங்கல்லை வச்ச மாதிரி அழுத்தம், அது இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுறது, குப்புனு வேர்வை, மூச்சு வாங்குறது, வாந்தி வர்ற மாதிரி இருக்கிறது. பத்து பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல நின்னா சோடா, பெருங்காயம், ஓமத்தண்ணின்னு நேரத்தை ஓட்டாதீங்க. மேல்வயித்துல வலிச்சாலும் இதயமா இருக்கலாம், ஏப்பம் விட்டதும் கொஞ்சம் தேவலைன்னு தோணுனாலும் இருக்கலாம். சர்க்கரைக்காரங்க, வயசானவங்க, பொம்பளைங்க, இவங்களுக்கு வலியே இல்லாம சும்மா அசதி, மூச்சு இரைப்புன்னு மட்டும் வரலாம். மாடிப்படி ஏறுனா நெஞ்சைப் பிடிக்குது, நின்னா விட்டுடுதுன்னா அது அட்டாக்குக்கு முன்னாடி வர்ற எச்சரிக்கை, அந்த வாரமே டாக்டரைப் பாருங்க.

அட்டாக்குன்னா என்ன, இதயத்துக்கே ரத்தம் கொண்டு போற குழாய்ல படிஞ்ச கொழுப்பு வெடிச்சு, அது மேல ரத்தம் உறைஞ்சு அடைக்குது. அடைச்ச நிமிஷத்துலேருந்து அந்தப் பக்கத்து தசை சாக ஆரம்பிக்குது. ஊசி போடவோ பலூன் வச்சு திறக்கவோ பொதுவா 12 மணி நேரத்துக்குள்ளன்னு சொன்னாலும் முதல் ரெண்டு மூணு மணி நேரத்துல கெடைக்கிற பலன் அப்புறம் கெடைக்காது. வண்டியை தானே ஓட்டிட்டுப் போறது, ஆட்டோவுக்குப் பேரம் பேசுறது எல்லாம் வேணாம்.

வீட்ல ஆஸ்பிரின் வச்சிக்கலாமா? நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை?

அட்டாக்குன்னு சந்தேகம் வந்தா 300 அல்லது 325 மில்லிகிராம் ஆஸ்பிரினை கடிச்சு மென்னு முழுங்கணும், அப்படியே முழுங்குனா லேட்டா வேலை செய்யும். ஆஸ்பிரின் ஒவ்வாமை, வயித்துல ரத்தக் கசிவு உள்ளவங்களுக்கு கூடாது. நாக்குக்கு அடியில வைக்கிறது, சார்பிட்ரேட்னு கேப்பாங்க, ஏற்கனவே டாக்டர் எழுதிக் குடுத்தவங்களுக்கு மட்டும்தான். அதை வச்சா பிபி சட்டுனு எறங்கும், நின்னுட்டு வச்சு மயங்கி விழுந்து மண்டையை ஒடச்சுக்கிட்ட ஆளுங்க உண்டு, உக்காந்து வைங்க. வயாகரா வகை மாத்திரை போட்ட ஆளு 24 மணி நேரத்துக்குள்ள அதைத் தொடவே கூடாது, சில வகைக்கு ரெண்டு நாள். ஆம்பளைங்க இதை வெக்கப்பட்டு மறைக்கிறாங்க, டாக்டர்கிட்ட மறைச்சீங்கன்னா உசுருக்கு ஆபத்து.

கிராமத்துல இருந்தா ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடுங்க. 2023லேருந்து இதயம் காப்போம் திட்டத்துல அங்கேயே முதல் டோஸ் குடுத்து அனுப்புறாங்க. ஆஸ்பிரின் 150 ரெண்டு, குளோபிடோக்ரெல் 75 நாலு, அட்டோர்வாஸ்டாட்டின் 10 எட்டு, மொத்தம் 14 மாத்திரை. இதைப் பாத்து நீங்களே வீட்ல 14 எண்ணி வைக்காதீங்க, நெஞ்சு வலின்னு வர்ற எல்லாருக்கும் அது ஒத்துக்காது.

ஈசிஜி நார்மல்னு சொல்லிட்டாங்க, அப்போ இதயம் நல்லா இருக்குதானே?

எடுத்த அந்த நிமிஷத்துல மாத்தம் இல்ல, அவ்வளவுதான் அர்த்தம். வலி ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல எடுத்தது சாதாரணமா இருந்து, அடுத்து எடுத்ததுல தெரியலாம். அதனாலதான் திரும்பத் திரும்ப எடுக்கிறாங்க, ட்ரோபோனின்னு ரத்தப் பரிசோதனை பாக்குறாங்க, அது உயர சில மணி நேரம் ஆகும். "ஒரு ராத்திரி இருந்துட்டுப் போங்க"ன்னா பில்லைப் பெருக்கத்தான்னு நெனச்சு கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்கு வர்றாங்க பாருங்க, அது வேணாம்.

அட்டாக் வந்தா பலமா இருமுனா பொழச்சிக்கலாம், பக்கவாதத்துக்கு விரல் நுனியில ஊசி குத்தணும்னு வாட்ஸப்ல வந்துச்சே?

இருமி அட்டாக்கை நிறுத்த முடியாது. ஊசி குத்துறதும் வெட்டி வேலை, அட்டாக்குக்கு மிளகாய்த்தூள் தண்ணி குடிக்கச் சொல்ற கதையும் அதேதான்.

பக்கவாதத்துக்கு பாக்க வேண்டியது மூணு. சிரிக்கச் சொன்னா வாய் ஒரு பக்கம் கோணுதா, ரெண்டு கையையும் தூக்கச் சொன்னா ஒண்ணு தானா எறங்குதா, பேச்சு கொழறுதா. ஒண்ணு இருந்தாலும் சிடி ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்க, அது இல்லாத இடத்துல நின்னு நேரத்தைத் தொலைக்காதீங்க. கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாருன்னு ஞாபகம் வச்சிக்கோங்க, டாக்டர் முதல்ல அதைத்தான் கேப்பாரு, ஏன்னா கட்டியைக் கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். இங்க ஆஸ்பிரின் குடுக்கக் கூடாதுங்க. மூளையில அடைப்பா ரத்தக் கசிவான்னு ஸ்கேன்லதான் தெரியும், கசிவா இருந்தா ஆஸ்பிரின் இன்னும் மோசமாக்கிடும். வாய்ல தண்ணி, காபியும் ஊத்தாதீங்க, பொறை ஏறிடும்.

ஸ்டென்ட் வச்சு ஆறு மாசம் ஆச்சு, நல்லாத்தான் இருக்கேன், மாத்திரையைக் கொறைக்கலாமா?

ஸ்டென்ட்ங்கிறது குழாய்க்குள்ள வைக்கிற சின்ன வலைக்குழாய், அடைப்பு இருந்த அந்த ஒரு இடத்தை மட்டும் திறந்து வச்சிருக்கு. மத்த குழாய்ங்க எல்லாம் அதே பழைய குழாய்தான். ரத்தம் உறையாம இருக்க ரெண்டு மாத்திரை சேத்துக் குடுப்பாங்க, ஆஸ்பிரின் கூட குளோபிடோக்ரெல்லோ டிகாக்ரெலாரோ. அட்டாக் வந்து வச்சதுன்னா பொதுவா ஒரு வருஷம் ரெண்டும், அப்புறம் ஒண்ணு மட்டும் ஆயுசுக்கும். நடுவுல நிறுத்துனா ஸ்டென்ட்டுக்குள்ளயே ரத்தம் உறைஞ்சு அடைக்கும், அது முதல் அட்டாக்கை விட மோசமா இருக்கும். ஊருக்குப் போறப்ப மாத்திரை மறந்துட்டேன்னா எந்த ஊர் மெடிக்கல்லயும் கெடைக்கும், சீட்டை போன்ல போட்டோ எடுத்து வைங்க.

வெலை பத்தி கேக்குறவங்களுக்கு: 2017 பிப்ரவரியில மத்திய அரசு உச்ச வெலை வச்சது, மருந்து தடவுன ஸ்டென்ட் 29,600 ரூபா, சாதா 7,260, வரி தனி. அப்புறம் அப்பப்ப கொஞ்சம் மாத்துறாங்க. பில்லுல ஸ்டென்ட் தனியா, எந்த கம்பெனின்னு எழுதி இருக்கான்னு பாருங்க.

கொலஸ்ட்ரால் இருக்கு, தேங்காய் சாப்பிடலாமா, முட்டை மஞ்சள்கரு?

ஒல்லியா இருக்கேன் எனக்கு எப்படி கொலஸ்ட்ரால்னு கேப்பாங்க. அதுல பெரும்பகுதியை ஈரலே தயாரிக்குது, பரம்பரையாவும் வரும், ஒல்லி குண்டு கணக்கு கெடையாது. சட்னிக்கு அளவா தேங்காய், ஒரு முட்டை, இதுல குடி முழுகாது. பிரச்சனை எங்கன்னா திரும்பத் திரும்ப காச்சுன எண்ணெயில போட்ட போண்டா, டால்டா கலந்த பேக்கரி பப்ஸ், தெனமும் ரெண்டு ஊறுகாய், அப்பளம், கருவாடு. உப்பு ஒரு நாளைக்கு மொத்தமா 5 கிராமுக்குள்ள, அதாவது ஒரு டீஸ்பூன், நம்ம வீட்டு சாம்பார் ரசம் எல்லாத்தையும் சேத்து. இந்துப்பு போட்டா பிபி ஏறாதுன்னு விக்கிறாங்க, அதுவும் சோடியம் உப்புதான்.

அட்டாக் வந்தவங்களுக்கு கெட்ட கொலஸ்ட்ரால், எல்டிஎல், 70க்குக் கீழ இருக்கணும்னு டாக்டருங்க பாப்பாங்க, இப்ப 55 வரைக்கும் கூட கொறைக்கிறாங்க. ரிப்போர்ட்ல "நார்மல்"னு போட்டிருக்கேன்னு கொலஸ்ட்ராலைக் கொறைக்கிற ஸ்டாட்டின் மாத்திரையை விட்டுடாதீங்க, லேப் போடுற நார்மல் வேற உங்களுக்கு வேண்டிய அளவு வேற. உடம்பு தசை எல்லாம் வலி, மூத்திரம் காபி நிறத்துல போச்சுன்னா மட்டும் உடனே சொல்லுங்க.

சின்ன வயசுப் பசங்க பொட்டுனு விழுந்து போறாங்களே, கொரோனா ஊசியாலயா?

மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு ஐசிஎம்ஆர், 18லேருந்து 45 வயசு ஆளுங்களை வச்சு ஆய்வு பண்ணி 2023ல வெளியிட்டாங்க, ஊசியால திடீர் சாவு கூடலைன்னுதான் வந்துச்சு. முன்னாடி கொரோனாவுக்கு ஆஸ்பத்திரியில படுத்தது, வீட்ல யாராவது திடீர்னு போயிருக்கிறது, மட்டுமீறி குடிச்சது, திடீர்னு கடுமையா உடம்பை வருத்துனது, இதெல்லாம்தான் சேந்து வந்திருக்கு. அப்பா, சித்தப்பா யாராவது 50க்கு முன்னாடி இதயத்தால போயிருந்தா ஜிம்முக்கு சேர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக்கோங்க. கண்ணு முன்னாடி ஒருத்தர் விழுந்து மூச்சில்லாம கெடந்தா 108 போட்டுட்டு நடு நெஞ்சுல ரெண்டு கையையும் வச்சு அஞ்சாறு சென்டிமீட்டர் அமுங்குற மாதிரி நிமிஷத்துக்கு 100லேருந்து 120 தடவை அமுக்குங்க, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் விடாதீங்க.

ரத்தம் கம்மியா இருக்கு, பேரீச்சம்பழம், பீட்ரூட் சாப்ட்டா ஏறிடுமா?

ஏறாது. நிறத்தைப் பாத்து பீட்ரூட்டை நம்புறோம், பேரீச்சையிலயும் விளம்பரத்துல சொல்ற அளவு இரும்பு இல்ல. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு வகை நல்லது, அசைவம்னா ஆட்டு ஈரலும் மண்ணீரலும் (சுவரொட்டி) நல்லா ஏத்தும். ஆனா ஹீமோகுளோபின் 8, 9ன்னு எறங்கிடுச்சுன்னா சாப்பாடு மட்டும் பத்தாது, மாத்திரை வேணும். பொம்பளைங்களுக்கு 12க்குக் கீழ, கர்ப்பிணிக்கு 11க்குக் கீழ, ஆம்பளைக்கு 13க்குக் கீழ போனா ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுல தமிழ்நாட்டுல 15லேருந்து 49 வயசுப் பொம்பளைங்கள்ல பாதிக்கு மேல, 53 சதவீதம் பேருக்கு இது இருந்துச்சு. அதனாலயே "எல்லாருக்கும்தான் இருக்கு"ன்னு விட்டுடுறாங்க.

ஒரு அம்மா பூச்சி மருந்து கேட்டு வந்தாங்க, பொண்ணு பத்தாவது படிக்குது, சிலேட்டுக் குச்சி திங்குதாம், அரிசி மூட்டையில கையை விட்டு பச்சரிசி அள்ளி மெல்லுதாம், அடிச்சும் கேக்கலையாம். பொண்ணைக் கூட்டிட்டு வரச் சொல்லி கண் எமையை எறக்கிப் பாத்தா வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. சாம்பல், விபூதி, சாக்பீஸ், ஐஸ் கட்டி இதெல்லாம் திங்கணும்னு தோணுறது இரும்புச்சத்து கொறைஞ்சதோட அடையாளம், அந்தப் புள்ளையை அடிச்சு என்ன ஆகப் போகுது. மாதவிடாய் எவ்வளவு நாள் போகுது, நாப்கின் எத்தனை மாத்துதுன்னு கேளுங்க, ஓட்டை வாளியில தண்ணி புடிக்கிற மாதிரி ஒரு பக்கம் போய்க்கிட்டே இருந்தா மாத்திரை மட்டும் என்ன பண்ணும்.

இரும்பு மாத்திரையை டீ, காபி, பாலோட முழுங்காதீங்க, கால்சியம் மாத்திரையோடவும் சேக்காதீங்க, ரெண்டு மணி நேரம் தள்ளி வைங்க. எலுமிச்சை ஜூஸ், நெல்லிக்காயோட எடுத்தா நல்லா சேரும். மலம் கறுப்பா போகும், பயப்படாதீங்க. கொமட்டுனா சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க, இப்ப ஒரு நாள் விட்டு ஒரு நாளும் எழுதுறாங்க, அதுலயும் உடம்பு நல்லா எடுத்துக்குது. ஹீமோகுளோபின் சரியானப்புறமும் ரெண்டு மூணு மாசம் தொடரணும், சேமிப்பு நெரம்ப.

ஆம்பளைக்கோ, மாதவிடாய் நின்ன பொம்பளைக்கோ இரும்பு கொறைஞ்சா ரத்தம் எங்கயோ கசியுதுன்னு அர்த்தம், மூலம், குடல் புண், சமயத்துல குடல் புற்றுநோய். டானிக் வாங்கிக் குடிச்சுட்டு இதை மூடி மறைக்காதீங்க. வருஷக்கணக்கா சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுறவங்க, சுத்த சைவக்காரங்க பி12 அளவையும் பாத்துக்கோங்க.

டெங்குல பிளேட்லெட் 60 ஆயிரம் ஆயிடுச்சு, ரத்தம் ஏத்தணுமா, பப்பாளி இலை குடிக்கலாமா?

ரத்தக் கசிவு இல்லாட்டி பெரும்பாலும் 10 ஆயிரத்துக்கு கீழ போற வரைக்கும் ஏத்த மாட்டாங்க. ஆபத்து அந்த நம்பர்ல மட்டும் இல்ல, காய்ச்சல் விடுற அந்த ரெண்டு நாள்ல ரத்தக்குழாய்லேருந்து நீர் கசிஞ்சு பிபி எறங்குறதுல இருக்கு. வயித்து வலி, விடாத வாந்தி, கை கால் சில்லுனு ஆகுறது, மூத்திரம் கொறையுறது இருந்தா அட்மிட் ஆகுங்க. பப்பாளி இலைச் சாறை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போறதைத் தள்ளிப் போடாதீங்க. பாராசிட்டமால் தவிர புரூஃபன், ஆஸ்பிரின் வகை வலி மாத்திரை கேட்டா நான் தர மாட்டேன்.

கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டு நீலமா புடைச்சிருக்கு, என்ன பண்றது?

ஜவுளிக்கடையில நிக்கிற பொண்ணுங்க, டீ மாஸ்டர், கண்டக்டர், டிராபிக் போலீஸ், சமையல் மாஸ்டர், நாங்களும்தான், எல்லாருக்கும் வர்ற வியாதி. கால்லேருந்து மேல போற ரத்தம் திரும்பக் கீழ எறங்காம இருக்க குழாய்க்குள்ள சின்னச் சின்ன வால்வு இருக்கு, அது பழுதானா ரத்தம் தேங்கி குழாய் புடைச்சு முறுக்கிக்குது. வேலைக்கு நடுவுல உக்கார ஒரு ஸ்டூல் கூடத் தராத கடைங்க ஏராளம். 2018ல கேரளா சட்டம் போட்டுது, 2021ல தமிழ்நாடும் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி வேலை செய்றவங்களுக்கு உக்கார எடம் குடுக்கணும்னு சொல்லிடுச்சு, ஆனா பெரிய பெரிய கடைக்குள்ள போய்ப் பாருங்க எத்தனை பேர் உக்காந்திருக்காங்கன்னு.

காலைல எந்திரிச்ச உடனே, வீக்கம் வர்றதுக்கு முன்னாடி, அளவெடுத்த இறுக்கமான காலுறை போடணும், ராத்திரி கழட்டிடலாம். குதிகாலைத் தூக்கித் தூக்கி எறக்குங்க, ஆடுதசை அமுக்குறப்ப ரத்தம் மேல ஏறும். கணுக்கால் உள்பக்கம் தோல் கறுத்து அரிச்சா புண் வரப் போகுதுன்னு அர்த்தம், அதுக்கு முன்னாடி டாக்டரைப் பாத்தா லேசர்லயே முடிச்சிடலாம். புடைச்ச இடம் வெடிச்சு ரத்தம் பீச்சுனா படுத்து காலை மேல தூக்கி துணியால அழுத்துங்க, நின்னுக்கிட்டே துடைக்காதீங்க.

ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி வலிக்குது, எண்ணெய் போட்டு உருவலாமா?

உருவவே கூடாது. ஆழத்துல இருக்கிற குழாய்ல ரத்தம் உறைஞ்சிருக்கலாம், உருவுனா கட்டி பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போகும். ஆபரேஷன் ஆகி படுத்திருந்தவங்க, பிரசவம் ஆனவங்க, ரொம்ப நேரம் விமானத்துல வந்தவங்க, கட்டுப் போட்ட காலு, இவங்களுக்கு வாய்ப்பு அதிகம். டாப்ளர் ஸ்கேன்ல தெரிஞ்சிடும். ரெண்டு காலும் சேந்து வீங்கி, படுத்தா மூச்சு முட்டி தலைகாணியை அடுக்கித் தூங்குறாங்கன்னா அது வேற, இதயத்தோட பம்பு பலவீனமா இருக்கலாம், எக்கோ எடுக்கணும்.

கொஞ்ச தூரம் நடந்தா ஆடுதசை இழுத்துப் புடிக்குது, நின்னா சரியாயிடுது?

பீடி, சிகரெட் பழக்கம் இருக்கா? இருந்தா காலுக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிட்டு வருது. சின்ன வயசுக்காரங்களுக்குக் கூட விரல் கறுத்து எடுக்கிற அளவுக்குப் போகும். "கொறைச்சிட்டேன்"னா பத்தாது, மொத்தமா விடணும், விட்டாதான் மருந்து வேலை செய்யும்.

பையனுக்கு தொண்டை வலி வந்து, அப்புறம் மூட்டு மாத்தி மாத்தி வீங்குது, இதயத்தை எதுக்கு பாக்கச் சொல்றாங்க?

அஞ்சுலேருந்து பதினஞ்சு வயசுப் புள்ளைங்களுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ்னு ஒரு கிருமி தொண்டையில வந்துட்டுப் போனப்புறம் ரெண்டு மூணு வாரத்துல ருமாட்டிக் காய்ச்சல் வரலாம். மூட்டு வீக்கம் தடமில்லாம போயிடும், இதய வால்வுல விட்ட தழும்பு போகாது. அது தெரியாமலே வளந்து, கல்யாணம் ஆகி, கர்ப்பமா இருக்கிறப்ப மூச்சு வாங்கி அப்பதான் வால்வு சுருக்கம்னு கண்டுபிடிக்கிற பொண்ணுங்க இன்னும் வர்றாங்க. மூணு வாரத்துக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி, வருஷக்கணக்கா. புள்ள அழுவுதுன்னு ரெண்டு தடவை தள்ளிப் போட்டா திரும்ப காய்ச்சல் வந்து வால்வு இன்னும் கெடும்.

பல்லு புடுங்கணும், ஆஸ்பிரினை நிறுத்தணுமா?

பல் டாக்டர்கிட்ட மாத்திரை அட்டையோட போங்க. ஆஸ்பிரின் மட்டும்னா பெரும்பாலும் நிறுத்தாமலே எடுத்துட்டு, பஞ்சு வச்சு அழுத்தி, தேவைப்பட்டா தையல் போட்டு அனுப்பிடுவாங்க. ஸ்டென்ட் வச்சு ஒரு வருஷம் ஆகலைன்னா, இல்ல வால்வு மாத்தி ரத்தம் உறையாம இருக்க அசிட்ரோம், வார்ஃபரின் போடுறீங்கன்னா இதய டாக்டர் எழுதிக் குடுக்காம ஒரு நாள் கூட நிறுத்தாதீங்க, ரத்தம் உறையுற வேகத்தைக் காட்டுற ஐஎன்ஆர் பரிசோதனை சீட்டு புதுசா எடுத்துட்டுப் போங்க. பல் வலிக்கு என்கிட்ட வந்து வலி மாத்திரை கேக்குறப்பவும் இந்த மாத்திரைங்க போடுறேன்னு முதல்லயே சொல்லிடுங்க, டைக்ளோஃபினாக் மாதிரி சிலது அதோட சேந்தா வயித்துல ரத்தம் கசியும்.